குன்னூர் ஈரத்தில் ஒரு ஸ்க்ரோல் சா

மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தை வெட்டுகிற ஸ்க்ரோல் சா மிஷினில் ‘ஞ’ வெட்டுவது சுலபம். ‘ட’ வெட்டுவதுதான் கஷ்டம். இதைச் சொன்னபோது எங்கள் தெரு ஆசாரி அண்ணனே நம்பவில்லை. “ரெண்டே கோடும்மா, அதுல என்ன கஷ்டம்?” என்றார். மிஷின் முன்னால் உட்கார்ந்து அவரே ஒரு ‘ட’ வெட்டிப் பார்த்துவிட்டு, “ஆமா, இது ஒரு பக்கமா இழுக்குதே” என்றார். ஏன் இழுக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் மிஷினை உட்கார வைத்ததைச் சொல்லியாக வேண்டும். இந்த மிஷினில் வேலை நன்றாக வருவதும் வராததும் பாதிக்கு மேல் சுவிட்ச் போடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

நான் தையல்காரி. குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே, படிக்கட்டு ஏறி வரும் சந்தில் வீடும் கடையும் ஒன்றாக இருக்கிறது. முன்னறையில் தையல் மிஷின்கள், பின்னறையில் இப்போது ஸ்க்ரோல் சா. பக்கத்து அங்கன்வாடி டீச்சர், “அக்கா, பிள்ளைங்க கையில பிடிச்சு விளையாடுற மாதிரி மரத்துல எழுத்து செஞ்சு தருவீங்களா?” என்று கேட்டார். உயிர் 12, க முதல் ன வரை 18, ஆய்தம் ஒன்று, ஆக 31 எழுத்து. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் எழுத்துகளை எனக்குப் பிடிப்பதில்லை. ‘ண’வுக்குச் சுழி சரியாக இருக்காது, ‘ற’வின் வால் பாதியில் நிற்கும். மூன்று வயதுக் குழந்தை எழுத்தைக் கண்ணால் படிப்பதற்கு முன்னால் விரலால் தடவித்தான் படிக்கிறது. தடவுகிற எழுத்து தப்பாக இருந்தால், மனதில் பதிவதும் தப்பாகத்தான் பதியும். இதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

கையால் ஓட்டும் ஃப்ரெட் சா என்னிடம் பல வருஷமாக இருக்கிறது. நாலைந்து எழுத்து அதில் வெட்டலாம், முழு செட் வெட்ட மணிக்கட்டு ஒத்துழைக்காது. அதனால்தான் மிஷின்.

கோயம்புத்தூரில் வாங்கினேன். வாங்கும்போது பார்க்க வேண்டியது என்னைப் பொறுத்தவரை ஒன்றுதான்: பிளேடு எப்படி மாட்டுகிறது? ஒரு வகை பிளேடுக்கு இரண்டு முனையிலும் குறுக்கே சின்ன ஊசி இருக்கும், கொக்கியில் மாட்டிவிடலாம். இன்னொரு வகையில் முனை வெறுமனே தட்டையாக இருக்கும், திருகி இறுக்க வேண்டும். ஊசி வைத்த பிளேடு மாட்டச் சுலபம், கடையிலும் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். ஆனால் அந்தக் குறுக்கு ஊசி நுழைய மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு ஓட்டை போட வேண்டும். ‘க’வின் கண், ‘அ’வின் சுழி, ‘ஞ’வின் உள்வளைவு என்று தமிழ் எழுத்தில் உள்ளே வெட்டி எடுக்க வேண்டிய இடம் நிறைய. என் எழுத்து மூன்று அங்குல உயரம், அதில் சில சுழிக்குள் மொத்த இடமே நான்கைந்து மில்லிமீட்டர்தான். தட்டை முனை பிளேடு என்றால் ஒரு மில்லிமீட்டர் ஓட்டையிலேயே நுழைந்துவிடும். ஆகவே இரண்டும் மாட்டக்கூடிய மிஷினாகப் பார்த்து எடுத்தேன். பிளேடிலிருந்து பின்னால் கம்பம் வரை 16 அங்குல இடைவெளி, நிமிஷத்துக்கு 400 முதல் 1600 தடவை மேலும் கீழும் போகும் வேகம், 45 டிகிரி வரை சாயும் மேஜை. என் வேலைக்கு இது தாராளம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் பிரச்சினை தரை. எங்களுடையது பழைய வீடு, பின்னறையில் மரப்பலகைத் தரை, அடியில் வெற்றிடம். மிஷினைச் சும்மா மேஜை மேல் வைத்து ஓட்டினால் அறையே சேர்ந்து பாடுகிறது. ஸ்க்ரோல் சாவில் மேலே ஒரு கை, கீழே ஒரு கை, இரண்டும் சேர்ந்து நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்குகின்றன. அந்த அசைவு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ஆசாரி அண்ணன் கற்பூர மரக் கட்டையில் கனமாக ஒரு ஸ்டாண்ட் அடித்துக் கொடுத்தார். அதில் மிஷினை நான்கு போல்ட் போட்டு, அடியில் பழைய லாரி டயர் ரப்பரைத் துண்டு போட்டு, பெரிய வாஷர் வைத்து முறுக்கினோம். ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் மணல் மூட்டை ஒன்று. பிறகு சுவரோரமாக, தரைக்கு அடியில் உத்தரம் ஓடுகிற இடத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, ஸ்டாண்டின் கால்கள் அதன் மேல் வருகிற மாதிரி நகர்த்தினோம். நடுத்தரையில் வைத்ததற்கும் உத்தரத்தின் மேல் வைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை உள்ளங்காலிலேயே உணரலாம்.

அதிர்வு எவ்வளவு என்று பார்க்க, ஐந்து ரூபாய் நாணயத்தை மிஷின் மேஜை மேல் செங்குத்தாக நிற்க வைத்து, வேகத்தை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள். மெதுவான ஓட்டத்தில் நிற்கும். நடுவில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கி விழும். அதைத் தாண்டி இன்னும் கூட்டினால் மறுபடியும் நிற்கும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் தரைக்கும் தனக்கென்று ஒரு அதிர்வு வேகம் உண்டு, மிஷினின் வேகம் அதோடு ஒத்துப்போகும்போதுதான் ஆட்டம் அதிகம். என் மிஷினில் அது டயலின் பாதிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. அந்த இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று அதற்குக் கீழே ஓட்டுவேன், இல்லை மேலே ஓட்டுவேன், அந்தக் கோட்டில் நிறுத்துவதில்லை.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலக் காலையில் எல்லா வீட்டிலும் கெய்சர் போடும் நேரத்தில் எங்கள் லைனில் வோல்டேஜ் இறங்கும். மிஷினின் சத்தம் மாறுவதைக் காதால் கேட்கலாம். அந்த நேரத்தில் நான் துணி வெட்டுவேன், மரம் வெட்டுவதில்லை. எர்த் இருக்கிற மூன்று முனை பிளக்கில்தான் மாட்டியிருக்கிறேன். மழை மாதத்தில் சுவரே வியர்க்கிற ஊரில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தையல்காரர்களுக்கு இன்னொன்று: தையல் மோட்டாரின் கால் பெடலை எடுத்து இதில் கோர்க்காதீர்கள். அது அழுத்த அழுத்த வேகம் கூட்டுகிற பெடல், அந்தச் சின்ன மோட்டாருக்கு என்று செய்தது. ஸ்க்ரோல் சாவுக்குள் ஏற்கெனவே வேகத்துக்கு ஒரு சர்க்யூட் இருக்கிறது, இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதும். காலால் போட்டு நிறுத்த வேண்டும் என்றால் வெறும் ஆன்-ஆஃப் கால் சுவிட்ச் தனியாகக் கிடைக்கிறது. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். பிளேடு அறுந்தால் இரண்டு கையும் மரத்திலேயே இருக்க, காலை எடுத்தால் போதும்.

இனி மட்டம் பார்ப்பது. மேஜைக்கு அடியில் டிகிரி போட்ட தகடு ஒன்று இருக்கும், முள் பூஜ்யத்தில் நிற்கும். அதை நம்ப வேண்டாம். எழுத்தின் பக்கச்சுவர் செங்குத்தாக வராவிட்டால், வெட்டிய எழுத்து அதன் குழிக்குள் ஒரு பக்கமாக நுழையும், மறுபக்கமாகத் திருப்பினால் நுழையாது. எங்கள் எழுத்துகள் பலகையில் உள்ள குழிக்குள் உட்கார வேண்டும் என்பதால் இது எனக்கு முக்கியம். சின்ன மூலைமட்டத்தைப் பிளேடுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிளேடோ நூல் மாதிரி மெல்லியது, கண் ஏமாற்றிவிடும். மரத்தை வைத்துப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாக வருகிறது. இரண்டு அங்குலம் உயரமுள்ள கட்டையை எடுத்து முன்பக்கமாக ஒரு சின்ன வெட்டு மட்டும் வெட்டிக்கொள்ள வேண்டும். மிஷினை நிறுத்திவிட்டு, கட்டையைப் பிளேடுக்குப் பின்னால் கொண்டுபோய், வெட்டு பிளேடின் முதுகைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்து, மெதுவாக நகர்த்த வேண்டும். பிளேடின் முதுகு அந்த வெட்டுக்குள் மேலிருந்து கீழ்வரை இடிக்காமல் நுழைந்தால் மேஜை நேராக இருக்கிறது. மேலே இடித்தாலோ கீழே இடித்தாலோ மேஜை சாய்ந்திருக்கிறது. திருப்பி வைப்பதால் சாய்வு இரண்டு மடங்காகத் தெரியும். கால் டிகிரி தப்பு இருந்தால்கூட மாட்டிக்கொள்ளும். அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, மேஜையை விரல் நுனியால் தட்டித் தட்டி, மறுபடி புதிதாக ஒரு வெட்டு. சரியானதும் தகட்டின் முள்ளைத் தளர்த்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து இறுக்கிவிடலாம். அதற்குப் பிறகு முள் சொல்வதை ஓரளவு நம்பலாம்.

அப்புறம் பிளேடின் இறுக்கம். இதில்தான் எனக்கு மிகவும் ஆசை. தையல் மிஷினில் நூல் இழுவையை டயல் எண் பார்த்து வைப்பவர்கள் உண்டு, நூலை விரலால் இழுத்துப் பார்த்தே வைப்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது ரகம். பிளேடை மாட்டும் முன் அதன் இரு முனையையும் உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறேன். புது பிளேடில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அப்படியே மாட்டினால் பிடியிலிருந்து நழுவும். பல் முன்னால் பார்க்க வேண்டும், பல்லின் நுனி கீழே பார்க்க வேண்டும். பல்லில் விரல் நுனியை மேலிருந்து கீழே மெல்ல ஓட்டினால் வழுக்கும், கீழிருந்து மேலே ஓட்டினால் பிடிக்கும். அதுதான் சரியான பக்கம். சில பிளேடில் கீழ்க் கோடியில் கொஞ்சம் பல் மட்டும் மேல்நோக்கி இருக்கும். பலகையின் அடிப்பக்கம் சிலும்பாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள், பிளைவுட்டுக்கு அது மிகவும் நல்லது. மாட்டி, முதலில் கீழ்ப்பிடியை இறுக்கி, பிறகு மேல்பிடி, கடைசியில் இழுவை நெம்புகோல். இறுக்கியதும் பிளேடை நகத்தால் ஒரு சுண்டு சுண்ட வேண்டும். ‘டொப்’ என்றால் தளர்வு. ‘கிண்’ என்று சுத்தமாக ஒரே ஸ்வரமாக ஒலித்தால் சரி. பக்கவாட்டில் விரலால் தள்ளினால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. தளர்வான பிளேடு பலகைக்குள்ளே போய் வயிறு தள்ளும். மேலே பார்த்தால் கோட்டில்தான் போகும், கீழே பார்த்தால் வேறு எங்கோ போயிருக்கும். வேலை முடிந்ததும் இழுவையைத் தளர்த்திவிட வேண்டும். பிளேடுக்கும் நல்லது, மிஷினின் கைகளுக்கும் நல்லது.

இப்போது கைக்கு வருவோம். தையல் மிஷினில் துணியை நாம் தள்ளுவதில்லை. அடியில் இருக்கும் பல் அதை இழுத்துக்கொண்டு போகும், நாம் வழி மட்டும் காட்டுவோம். ஸ்க்ரோல் சாவில் இழுக்க யாரும் இல்லை. எவ்வளவு வேகம் மரம் போக வேண்டும் என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. பல வருஷம் துணி தைத்த கைக்கு முதலில் பிடிபடாதது இதுதான். பிளேடு வெட்டுகிற வேகத்துக்குத்தான் மரம் போக வேண்டும். அதை மீறித் தள்ளினால் பிளேடு பின்னால் வளைகிறது, சத்தம் தடித்துப்போகிறது, கொஞ்ச நேரத்தில் ‘பட்’டென்று அறுகிறது. தள்ளாமல் சும்மா பிடித்துக்கொண்டே இருந்தால் உரசி உரசி மரம் கருகுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே தூள் சீராக, மெல்லிய பொடியாக விழும், சத்தம் ஒரே மாதிரி இருக்கும். கண் கோட்டில் இருக்க, காதுதான் வேகத்தைச் சொல்கிறது.

திருப்புவதும் வேறு மாதிரி. துணியில் மூலை வந்தால் ஊசியை உள்ளே நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்புவோம். இங்கே பிளேடு ஓடிக்கொண்டே இருக்க, முன்னால் தள்ளுவதை மட்டும் நிறுத்திவிட்டு, பிளேடின் முதுகை அச்சாக வைத்து மரத்தைச் சுழற்ற வேண்டும். மெல்லிய பிளேடு என்றால் நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். பார்க்கத் தையல் மிஷின் பாதம் போலவே ஒரு அழுத்தும் பாதம் இதிலும் உண்டு. மரம் மேலே துள்ளாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது கோட்டை மறைக்கும், சின்ன வளைவில் இடிக்கும். பழகியவர்கள் பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். நான் கனமான பலகைக்கு மட்டும் இறக்குகிறேன். மெல்லிய பலகைக்கு இரண்டு கையின் நடுவிரலும் மோதிர விரலும் மேலிருந்து அழுத்திப் பிடித்தால் போதும். விரலைப் பிளேடுக்கு நேர் முன்னால் மட்டும் வைக்கவே கூடாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணாடி போட்டு, முகக்கவசம் கட்டிக்கொண்டுதான் உட்காருவேன். பிளைவுட் தூளில் பசையும் கலந்திருக்கிறது, சுவாசத்துக்குள் போகக் கூடாத சாமான் அது.

சரி, ‘ட’வுக்கு வருகிறேன். இந்தப் பிளேடுகளில் பலவற்றைத் தகட்டில் ஒரு பக்கத்திலிருந்து வெட்டிப் பல் எடுக்கிறார்கள். அதனால் மறுபக்கத்தில், பொதுவாக வலப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத பிசிறு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் கூர்மை கொஞ்சம் கூடுதல், ஆகவே வெட்டு அந்தப் பக்கமாகவே சாய்ந்து போகும். மரத்தை நேராகத் தள்ளினால் வெட்டு நேராகப் போகாது. சில டிகிரி சாய்த்துப் பிடித்துத் தள்ளினால்தான் நேராகப் போகும். வளைவில் இது தெரிவதே இல்லை. ‘ஞ’வில் கை எப்போதும் திருப்பிக்கொண்டேதான் இருக்கிறது, பிளேடின் இழுப்பும் அந்தத் திருப்பலில் கரைந்துவிடுகிறது. அரை மில்லிமீட்டர் விலகினாலும் வளைவு வளைவாகவே இருக்கும், பார்க்கிறவர் கண் மன்னித்துவிடும். ‘ட’வில் அப்படி இல்லை. நேர்கோடு அரை மில்லிமீட்டர் நெளிந்தால் வாசலில் நிற்கிறவருக்கும் தெரியும்.

இதற்கு ஒரே மருந்து, புதிதாகப் பிளேடு மாட்டும்போதெல்லாம் அதன் சாய்வைத் தெரிந்துகொள்வது. கழிவுப் பலகையில் பென்சிலால் நேர்கோடு போட்டு, ஒரு சாண் நீளம் வெட்டுவேன். வெட்டு கோட்டோடு ஒட்டிப் போகிறபோது மரம் எந்தச் சாய்வில் நிற்கிறதோ அதே சாய்வில் மேஜை மேல் ஒரு டேப் ஒட்டிவிடுவேன். அந்தப் பிளேடு இருக்கும் வரை எனக்கு ‘நேர்’ என்றால் அந்த டேப்தான். ‘ட’, ‘ப’, ‘ம’ மூன்றையும் டேப் ஒட்டிய கையோடு, பிளேடு புதிதாக இருக்கும்போதே வெட்டிவிடுகிறேன். பல் கொஞ்சம் மழுங்கிய பிறகு வளைவு எழுத்துகளுக்குப் போகிறேன். ஆசாரி அண்ணன் கையில் மிஷின் இழுத்ததும் இதனால்தான். கைவாளுக்குப் பல்லை இருபுறமும் சமமாக மடித்து வைத்துப் பழகியவர் அவர்.

உள்வெட்டுக்கு முதலில் ஒரு மில்லிமீட்டர் டிரில். ஓட்டையை ஓரத்தில் போடாமல், வெட்டி எறியப் போகிற பகுதியின் நடுவில் போட்டு, அங்கிருந்து கோட்டை நோக்கிப் போகிறேன். மேல்பிடியைத் தளர்த்தி, பலகையைப் பிளேடுக்குள் மேலிருந்து இறக்கி, மறுபடி மாட்டி, மறுபடி இறுக்கி, மறுபடி சுண்டிப் பார்த்து... ஒவ்வொரு சுழிக்கும் இதே சடங்கு. உள்வெட்டை எல்லாம் முடித்த பிறகுதான் வெளிக்கோடு. வெளியை முதலில் வெட்டிவிட்டால் பிடிக்க இடம் இருக்காது. ‘ஃ’ மட்டும் தனி ரகம். மூன்றும் ஒட்டாத புள்ளி என்பதால் எழுத்தாகத் தனியே நிற்காது. பலகையில் மூன்று குழி, அதில் உட்காரும் மூன்று வட்டம் என்று செய்தேன். குழந்தைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது என்று டீச்சர் சொல்கிறார்.

எந்த மரம்? என் கையிருப்பில் சிறந்தது தேயிலைப் பெட்டிப் பலகை. சாக்குப் பைகள் வருவதற்கு முன் தேயிலையைப் பிளைவுட் பெட்டியில், ஓரத்துக்குத் தகரம் அடித்து, உள்ளே ஈயக்காகிதம் விரித்து அனுப்பினார்கள். அப்பா ஃபேக்டரி பேக்கிங் ரூமில் இருந்தவர், பரணில் இன்னும் பலகை அடுக்கி இருக்கிறது. மூன்று நான்கு மில்லிமீட்டர் கனம், இத்தனை வருஷம் இந்த ஊர்க் காற்றைக் குடித்துப் பழகிவிட்டது, இனி அது நெளியப்போவதில்லை. ஓரத்தில் ஆணி, தகரத்துண்டு இருக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மிஷினில் வைக்க வேண்டும். ஒரே ஒரு ஆணி பட்டால் பிளேடு போயிற்று. இரண்டு பலகையைச் சேர்த்து ஒட்டினால் எழுத்துக்குக் கைப்பிடிக்கிற கனம் வந்துவிடும்.

சில்வர் ஓக்கும் வெட்டுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற மரம்தான். எல்லோரும் விறகு, பேக்கிங் கட்டை என்று நினைக்கிறார்கள், ஆனால் நடுவிலிருந்து வெளிப்பட்டை நோக்கி, ஆரத்தின் போக்கில் அறுத்த பலகையைத் தேய்த்துப் பாருங்கள், பளபளவென்று செதில் செதிலாக ஒரு பூவேலை தெரியும். அதில் வெட்டிய ‘ழ’வுக்குச் சாயமே வேண்டாம். சிலருக்கு அந்த மரத்தூள் பட்டால் தோல் அரிக்கும், அவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. மரம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது, சொந்த நிலம் என்றாலும் அனுமதி இல்லாமல் மரம் வெட்ட முடியாது. அனுமதியோடு அறுத்த தோட்டத்து மரத்தின் கழிவுத் துண்டுதான் நான் வாங்குவது.

புது மரம் என்றால் ஈரம் போகிற வரை காத்திருக்க வேண்டும். இங்கே தென்மேற்குப் பருவமழையைவிட ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்கு மழைதான் பலம். அந்த மாதங்களில் நேற்று தட்டையாக இருந்த பிளைவுட் இன்று அப்பளமாக எழுந்து நிற்கும். குழி ஒரு மாதத்தில், எழுத்து இன்னொரு மாதத்தில் வெட்டினால் ஒன்றுக்குள் ஒன்று போகாது. இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே பலகையில் வெட்டுகிறேன். வெயில் காலத்து வெட்டு மழையில் கொஞ்சம் இறுகும் என்பதால் உப்புத்தாளில் ஓரத்தை இன்னும் ஒரு சுற்று தேய்த்து இளக்கம் வைக்கிறேன்.

ஈரத்தின் இன்னொரு வேலை துரு. வார்ப்பிரும்பு மேஜை, மூடுபனி இறங்கிய ஒரே இரவில் காவி பிடித்துவிடும். வெள்ளை மெழுகுவத்தியை மேஜை முழுக்கத் தேய்த்து, பழைய பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டால் துருவும் வராது, மரமும் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் பூச வேண்டாம், அது மரத்தில் கறையாக ஏறி, பிறகு சாயம் பிடிக்காது. பிளேடுகள் எல்லாம் மூடி இறுகிய டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, பட்டுப்புடவை பூஞ்சை பிடிக்காமல் இருக்க பல்பு எரிகிற அலமாரிக்குள் இருக்கின்றன. மிஷினுக்குப் பழைய போர்வை. பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துவிடும்.

கோடு வரைந்த தாளை ஒட்டுவதற்கும் ஒரு வழி சொல்கிறேன். பலகை மேல் முதலில் பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப், அதன் மேல் பசைக் குச்சியால் தாள். வெட்டி முடிந்ததும் டேப்பை உரித்தால் தாளும் சேர்ந்து வந்துவிடும், மரத்தில் பசை நிற்காது. அந்த டேப்பின் வழுவழுப்பு பிளேடில் ஏறி மரம் கருகாமலும் காக்கிறது. சில்வர் ஓக்கில் இது கண்கூடாகத் தெரியும்.

பிளேடு எண்ணைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: எண் கூடக் கூட பிளேடு அகலம், பல் பெரிது. பெட்டிப் பலகைக்கு 3, கனமான சில்வர் ஓக்குக்கு 5, இந்த இரண்டும் இருந்தால் எழுத்து வேலை நடக்கும். உள்ளூரில் கிடைக்காத நாளில், பொற்கொல்லர்கள் பயன்படுத்துகிற ஐந்து அங்குல அறுப்புப் பிளேடு தட்டை முனைப் பிடியில் பொருந்திவிடும். பல் மிகப் பொடி, மெல்லிய பலகைக்கு மட்டும் சரி. இன்னொன்று, பிளேடு ஏறி இறங்குவது முக்கால் அங்குலம்தான். மெல்லிய பலகை வெட்டும்போது நடுவில் கொஞ்சம் பல் மட்டும் தேய்கிறது, மற்ற பல் புதிதாகவே இருக்கும். மேஜை மேல் அரை அங்குலக் கட்டைப்பலகை ஒன்றைத் துளையிட்டு வைத்து உயரத்தைக் கூட்டினால் புதுப் பல் வேலைக்கு வந்துவிடும். பாதிச் செலவு மிச்சம்.

எழுத்து செட் முடிந்துவிட்டது. இப்போது மேஜையில் இருப்பது மலை ரயில். டீச்சரின் அடுத்த ஆசை, எங்கள் எல்லோருடைய ஆசையும்கூட. 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த ரயில், 2005-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இங்கே பிறந்த குழந்தைக்கு அந்தப் பல்சக்கரம் எப்படி ஏறுகிறது என்று தெரிய வேண்டும். மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரண்டு பட்டை ஓடுகிறது, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் இடைவெளி வருகிற மாதிரி தள்ளி வைத்திருக்கிறார்கள். அதனால் எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் எங்காவது ஒரு பல்லில் பிடித்துக்கொண்டே இருக்கும்.

மரத்தில் இதைச் செய்ய ஸ்க்ரோல் சா மாதிரி தோது வேறு இல்லை. இரண்டு பட்டையையும் ஒன்றன் மேல் ஒன்றாக டேப் சுற்றிக் கட்டி, ஒரே வெட்டாக வெட்டினால் பல்லுக்குப் பல் அச்சாக ஒரே மாதிரி வருகிறது. பிறகு பிரித்து, ஒன்றை அரைப் பல் முன்னால் தள்ளி ஒட்டிவிட்டால் போதும். 5-ஆம் எண் பிளேடில் ஒரு ஜோடி வெட்டி ஒட்டிப் பார்த்தாயிற்று, மரச் சக்கரத்தை மேலே வைத்து உருட்டினால் வழுக்காமல் ஏறுகிறது. சக்கரத்தின் பல் ஓரம் மட்டும் இன்னும் கூர்மையாக இருக்கிறது, குழந்தை கைக்குக் கொடுக்கும் முன் அதை 220-ஆம் நம்பர் உப்புத்தாளில் உருட்டித் தேய்க்க வேண்டும்.